அக்காவின் பத்து நாள் கஷாயச் சோதனை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும்.

அக்கா சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் பிறந்தார். அப்பா துறைமுக வேலையில் இருந்தபோதே காலமானார். பாலிடெக்னிக் முடித்த கையோடு அக்கா ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணத்தைக் கேட்கும் துணிவு யாருக்கும் இருந்ததில்லை.

நாட்டு மூலிகைகள் வலிக்கும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் உண்மையிலேயே கேட்கின்றனவா என்று எலிகளிடம் சோதிப்பது அவருடைய வேலை. சூடான தட்டில் எலியை விட்டு, அது காலைத் தூக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கெடுப்பார். தூக்கியதும் உடனே எடுத்துவிடுவார். கல்யாண வீடுகளில் உறவினர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "முட்டி வலிக்கு எது நல்லா கேக்குது, சொல்லேன்" என்று மாமா ஒருவர் விடாமல் நச்சரித்தார். "எலிக்குக் கேட்டுச்சு மாமா. உங்களுக்கு வால் மொளைச்சா வாங்க, சொல்றேன்" என்றார் அக்கா.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியபின் அவர் தோ பாயோ வீட்டில் படுக்கையில் இருந்தார். சித்தி வந்து உடன் தங்கினார். முடக்கத்தான் இலையோடு மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தினார்.

"பச்சை இலைதானே, என்ன பண்ணிடப் போகுது? குடி லா."

"ஒன்னும் பண்ணாதுன்னா எதுக்குச் சித்தி குடிக்கணும்?"

இந்த வாக்குவாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அக்கா மருத்துவரிடம் கேட்டார். மாத்திரைகளை நிறுத்தாமல் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று பதில் வந்தது. "அப்ப சரி, சோதிச்சே பாத்துடலாம்" என்றார்.

பத்து நாள் சோதனை. ஐந்து நாள் உண்மைக் கஷாயம். மற்ற ஐந்து நாள் இலையைத் தவிர எல்லாம் இருக்கும், நிறத்துக்குத் தேயிலை. எந்த நாள் எது என்று நான் சீட்டுக் குலுக்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டில் காய்ச்சி, ஃபிளாஸ்க்கில் ஊற்றிப் பேருந்தில் கொண்டுவர வேண்டும். அக்காவுக்கும் சித்திக்கும் தெரியக் கூடாது. மாலை ஆறு மணிக்கு வலி பத்தில் எத்தனை என்று அக்கா சொல்வார். சித்தி நோட்டில் குறிப்பார்.

"குடிச்சோம்னு நெனைச்சாலே கொஞ்சம் வலி கொறையும்டா. அதைக் கழிச்சுப் பாக்கணும்ல?" என்று எனக்கு விளக்கினார்.

முதல் ஐந்து நாள்: ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு.

ஐந்தாம் நாள் மாலை ஆறு என்று சொன்னபோது அவரால் திரும்பிப் படுக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. என்னைச் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். வேறு எதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் தாளின்படி இலை கிடையாது. காலையில் தேக்கா சந்தைக்குப் போய் இலை வாங்கிவந்து போட்டேன். பத்தாம் நாள்வரை தினமும் போட்டேன்.

எண்கள் ஏழு, ஏழு, எட்டு, எட்டு, எட்டு.

பத்தாம் நாள் அக்கா தாளைக் கேட்டார். முதலில் எழுதியபடியே இருந்த தாளைக் கொடுத்தேன். நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இதுல இருக்கிற மாதிரிதானே போட்ட?"

"ஆமாக்கா."

"வித்தியாசம் இல்லடா. சித்திகிட்ட பக்குவமா சொல்லு."

'பயன் தெரியவில்லை' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் கடைசியாக எழுதியது அதுதான். நான்கு நாள் கழித்து அந்திமப் பராமரிப்பு இல்லத்தில் காலமானார்.

அந்தப் பக்கத்தின் படம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவருகிறது. அதைக் காட்டி ஒரு வீட்டில் கஷாயத்தைக் கொட்டிவிட்டார்கள். முதல் சில நாள் வலி அடங்கியிருந்ததே என்று சித்தி இன்னும் இலை வாங்கிக் கொடுக்கிறார்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட சித்திக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய, நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும், பராமரிப்பு இல்லத் தாதியருக்கும், ஈமச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

நான் வேலை செய்யும் செய்தித்தாளில் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போடுவோம். இந்தத் திருத்தம் ஓராண்டு தாமதமாக வருகிறது. அக்காவின் பெயரைச் சொல்லி யாரும் அந்தக் கஷாயத்தைக் குடிக்கச் சொல்ல வேண்டாம். குடிக்காதே என்றும் சொல்ல வேண்டாம். அவர் அந்தச் சோதனையை முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை.

— தம்பி