லொம்பேயின் காதல் பாட்டுக்குள் சோப்பு வந்த கதை

கிட்வே நகரத்தில் சிசொகோனே சந்தைக்கு எதிரே லொம்பே பஞ்சர் ஒட்டுகிறான். அவன் கடைக்கும் என் சலூனுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவனுடைய கம்ப்ரஸர் ஓடினால் என் கண்ணாடி ஆடும். அது நிற்கும்வரை நான் கத்தியை ஓங்கியபடி காத்திருப்பேன். ஆள் நல்ல உயரம், பேச்சு மட்டும் குறைவு. டயரைக் கழற்றும்போது வாய்க்குள் ராப் முணுமுணுப்பான். ராப்பில் அவன் பெயர் பிரஷர்.

வாயே திறக்காதவனுக்கு ராப் எதற்கடா என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசினா நாக்கு கொழறுதுண்ணே. தாளம் இருந்தா கொழறாது."

உண்மைதான். சந்தை வாசலில் கபென்டா என்கிற பொடிமீன் கருவாடு விற்கும் சிலெஷேயிடம் இரண்டு வருடமாக வாடிக்கை. "ஒரு குவளை" என்பதைத் தாண்டி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாங்கிய கருவாட்டில் பாதி என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி கருவாடு என்றாலே ஓடும் நிலைக்கு வந்துவிட்டாள்.

பேச வராதவன் கடைசியில் பாட்டு எழுதினான். பெயர் 'கையக் குடு'. தாளமும் அவனே செய்ததுதான்: சக்கரத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தம், நடுநடுவே காற்று இறங்குகிற சத்தம்.

"சிலெஷே, உன் கையக் குடு, என் கையில வை,
ஊரு கேட்டா சொல்லிக்கலாம் நம்ம ரெண்டு பேர் கை."

எனக்குப் பிடித்திருந்தது. வானொலி நிலையத்தில் இசை நிகழ்ச்சி நடத்தும் பூபே அம்மாள் முழுசாகக்கூடக் கேட்கவில்லை.

"கூட யாரு பாடியிருக்கா?"

"யாருமில்லீங்க."

"அப்ப யாரும் கேக்கவும் மாட்டாங்க. தலைநகரம் லுசாகாவிலேருந்து ஒரு பெரிய பேரப் புடிச்சிட்டு வா."

பெரிய பெயர் ஒன்று கிடைத்தது: ஜெனரல் சிமென்ட். இரண்டு பாட்டு நாடெல்லாம் ஓடியவர். அப்போது அவருடைய கார் டயர் இல்லாமல் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அதனால் கூலியாக நாலு டயர் கேட்டார். லொம்பே பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்த நாலு நல்ல டயரைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான். தாளத்தையும் தலைப்பையும் போனில் அனுப்பினான். தான் பாடியதை மட்டும் அனுப்பவில்லை.

"ஏண்டா?"

"வெக்கமா இருக்குண்ணே. அவரு பெரிய ஆளு."

ஜெனரல் தன் பங்கைப் பாடி நேரே பூபே அம்மாளுக்கு அனுப்பிவிட்டார். நிலையத்தில் லொம்பே முன்பே கொடுத்திருந்ததையும் இதையும் ஒட்டி சனிக்கிழமை காலை ஒலிபரப்பினார்கள். என் சலூன் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தேன். வாசலெல்லாம் கூட்டம். லொம்பேயின் வரிகள் வந்தன. சிலெஷேயின் பெயரைக் கேட்டதும் எதிர்ச்சாரியில் தக்காளிக்காரிகள் குலவையே போட்டார்கள். அடுத்து, இடி இறங்கின மாதிரி சிமென்டின் குரல்:

"கை கழுவு! கை கழுவு! நகத்துக்குள்ள அழுக்கு!
சோப்பப் போடு, நுரைய ஏத்து, முழங்கை வர வழுக்கு!
கழிவறைக்குப் போயி வந்தியா? கைய எங்க தொடைச்ச?
ஜெனரல் வந்து மோந்து பாப்பேன், ஏன் மூஞ்சியச் சுளிச்ச?"

என் நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவர் மெல்லத் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

லொம்பே உடனே லுசாகாவுக்குப் போன் போட்டான்.

"ஐயா, அது காதல் பாட்டுங்கய்யா."

"தலைப்புல கைன்னு போட்டிருந்த. மழைக்காலம் வேற, காலரா வர்ற நேரம். சுகாதாரப் பாட்டுன்னு நெனச்சுட்டேன். ஏன் தம்பி, நல்லா இல்லியா?"

"நல்லாருக்குய்யா. ஆனா காதல் இல்லியே."

"வேணும்னா மறுபடி பாடித் தரேன். ஆனா ஸ்டெப்னி டயர் ஒண்ணு அனுப்பணும்."

இவனிடம் ஸ்டெப்னி இல்லை. அதற்குள் பாட்டும் ஊரைச் சுற்றிவிட்டது. சுகாதார நிலையத்து நர்சுகள் ஒலிபெருக்கியில் போட்டார்கள். பள்ளிக்கூடக் குழாயடியில் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடினார்கள். ந்ஷிமாக் களி விற்கும் கடைகளில், சாப்பிட வந்தவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்கள் முழங்கை வரை நனைத்துவிட்டுத்தான் தட்டையே வைத்தார்கள். எல்லோரும் பாடியது சிமென்டின் பங்கைத்தான். லொம்பேயின் பங்கு ஓடும்போது, "இது முடியட்டும், பாட்டு இப்ப வந்துரும்" என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சிலெஷே சாலையைக் கடந்து வந்தாள். கையில் கருவாட்டுக் குவளை.

"யோவ் பிரஷர்! என் கையில என்னய்யா அழுக்கு?"

லொம்பே டயருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"காலைலேருந்து வர்றவனெல்லாம் 'கை கழுவுனியா சிலெஷே'ன்னு கேக்குறான். ஒரு கெழவன் மோந்தே பாத்துட்டான். ஒரே பாட்டுல கையக் குடுங்குற, கை கழுவுங்குற. என்னைக் கட்டிக்கப் போறியா, கை கழுவப் போறியா? ஒண்ணு சொல்லு!"

"அது... சிமென்டு... நான்..."

"தாளம் போடுங்கண்ணே, அப்பத்தான் வாய் வரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அவனைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியம். தகரத் தடுப்பில் சீப்பால் தட்டினேன். லொம்பே எழுந்து, சிலெஷேயைப் பார்க்காமல் கம்ப்ரஸரைப் பார்த்தபடி தன் வரிகளைப் பாடினான். முடிப்பதற்குள் தெருவில் கூடியிருந்தவர்கள், "சிமென்டு பாட்டைப் பாடுடா!" என்று கத்தினார்கள்.

"வாய மூடுங்க! எனக்குத்தானே பாடுறான்? உங்க யாருக்காவது பாடுறானா?" என்று சிலெஷே திரும்பிப் போட்ட சத்தத்தில் கம்ப்ரஸரே நின்றமாதிரி இருந்தது.

பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரில் கையை முக்கி எடுத்து அவன் முன் நீட்டினாள்.

"கழுவியாச்சு. புடிக்கிறதானா புடி."

அந்தத் தண்ணீர் கறுப்பாக இருந்ததை யாரும் சொல்லவில்லை. லொம்பே பிடித்துக்கொண்டான். அன்று முழுக்க எனக்கு ஒரு தலைகூட ஒழுங்காக வெட்ட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அறுவடை முடிந்ததும் பெண் கேட்கத் தூது போனது, கல்யாணமும் நடந்தது. அதற்கு முன் நகரத் திடலில் ஒரு சுகாதார விழா வைத்தார்கள். சுவரொட்டியில் 'ஜெனரல் சிமென்ட்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. கீழே சின்னதாக 'மற்றும் ஒருவர்'. சொந்தப் பாட்டில் லொம்பே விருந்தாளியாகிவிட்டான். அவன் பாடிய நேரத்தில் ஜனங்கள் இலவச வாளிகளை வாங்க வரிசைக்குப் போனார்கள். சிலெஷே மட்டும் முன்வரிசையில் நின்று, திரும்பி வருகிறவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் இரண்டாவது பாட்டு வந்தது. இந்த முறை கூடப் பாடியிருப்பது சிலெஷே. பாட்டு நெடுக இவன் கொஞ்சுகிறான், அவள் கருவாட்டு விலையைக் கூவிக்கொண்டே அவனைத் திட்டுகிறாள். பூபே அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே இப்போதைக்கு அது என் சலூனில் மட்டும் ஓடுகிறது. கழுத்தில் கத்தி இருக்கும்போது நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை.