பீட்சாவுக்குக் கிடைத்த நல்ல பெயர்

சாப்பாட்டில் குறை பிடிப்பதற்கென்றே கடவுள் என் மனுசனைப் படைத்தார் என்று கலியாணம் முடித்த முதல் மாதமே நான் முடிவுகட்டிவிட்டேன். சோற்றில் ஒரு பிடி வாயில் வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு ஒவ்வொன்றாக வரும். தேங்காய் பழசு, புளி முந்தி விழுந்திட்டுது, வெங்காயம் பச்சை போகவில்லை. எங்கள் குடியேற்றக் கிராமத்தில் எந்த வீட்டில் கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டி என்றாலும் கிடாரத்தில் இருந்து முதல் சொட்டுக் குழம்பு அவருடைய உள்ளங்கையில்தான் விழும். அவர் தலையாட்டினால்தான் பந்தி தொடங்கும். ஊருக்கு அது பெருமை, எனக்கு முப்பது வருசத் தலையிடி. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சுற்றம் வேறை, சொதி வேறை என்றார்.

அந்த மனுசன் இந்த வருசம் சிறுபோகம் விதைத்த கையோடு வாயை மூடிக்கொண்டார். எதை வைத்தாலும் நல்லாயிருக்கு என்றார். ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துப் போனது. அதற்கும் நல்லாயிருக்கு. மனுசன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று மகளுக்குத் தொலைபேசியில் பெருமையடித்தேன்.

தண்ணீர் விசயத்திலும் நான்தான் வென்றேன். முன்வீட்டு அண்ணருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் நம்பிக் குடிப்பதில்லை. எல்லா வீட்டிலும் வடிகட்டி பிளாஸ்டிக் கானில் விற்கிற தண்ணீர்தான். இவர் மட்டும் அது சப்பென்று இருக்கிறது என்று பிடிவாதமாகக் கிணற்றிலேயே அள்ளிக் குடித்தார். நான் களவாக அவருடைய செம்பில் கான் தண்ணீரை ஊற்றி வைத்தேன். ஒரு கிழமை குடித்தார், கண்டுபிடிக்கவில்லை. நான் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். 

எங்கள் மகள் வவுனியா நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை வரும்போது தட்டையான பெரிய பெட்டி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள். உறைய வைத்த பீட்சா, அதிலும் சுப்ரீம். எல்லாத்துக்கும் மேலானது என்று அர்த்தமாம். பெட்டிப் படத்தில் கோழிச் சொசேஜ், காளான், கறிமிளகாய், கறுத்த ஒலிவ் காய் எல்லாம் திருவிழாக் கடை மாதிரிப் பரப்பியிருந்தது. அப்பாவிட்டை இதுக்கு மார்க் வாங்கவேணும் என்றாள். தகப்பன் திருந்தியது அவளுக்கு நம்பிக்கையில்லை. அவர் கண்ணை மூடி ஏசுவதைக் கேட்கவேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

வரும் வழியில் பஸ் பழுது. பெட்டி வேர்த்து ஒழுகிப்போய் வந்தது. குளிர்சாதனப்பெட்டியின் உறைய வைக்கிற மேல்தட்டில் வைத்தோம். அது உறைந்த கையோடு கரண்ட் போய், இருட்டும்போதுதான் வந்தது. ஆக, அந்தச் சாமான் இரண்டு தரம் உருகி இரண்டு தரம் உறைந்தது. ஞாயிறு மத்தியானம் வெளியே எடுத்தபோதே சொசேஜில் ஒரு புளித்த வாடை இருந்தது. மகள் முகத்தைச் சுழித்தாள். காசு குடுத்து வாங்கினதை எறியிறதோ என்று நான்தான் சுடப் போனேன்.

எங்களிடம் பாண் சுடுகிற போறணை இல்லை. கேக் சுடுகிற மாதிரிப் பெரிய சட்டிக்குள் வைத்து, தகரத்தால் மூடி, தகரத்துக்கு மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணல் போட்டேன். உருகி உறைந்ததில் பீட்சாவின் அடியில் ஒரு வட்டக் கடதாசி மட்டை இறுக ஒட்டியிருந்தது. அதுவும் அதன் அடிப்பாகம்தானாக்கும் என்று நான் மட்டையோடு சேர்த்தே சுட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பழைய கொப்பிகளைக் குவித்து எரிக்கிற மாதிரிப் புகை கிளம்பியது. மகள் ஓடி வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு.

புகை விறாந்தைக்கும் போனது. அங்கே கதிரையில் அவர் இருந்தார். வயல் வரம்பில் நின்றே எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கருகுது என்று கேட்கிற மனுசன், ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கால் பாதத்தை அமத்திக்கொண்டிருந்தார்.

மட்டையை உரித்து எறிந்துவிட்டு வெட்டினோம். நானும் மகளும் ஆளுக்கொரு துண்டு கடித்தோம். நடுப்பகுதி நனைந்த பாண், ஓரம் ஓட்டுத்துண்டு. தக்காளிச் சாறு ஜாம் போல இனித்தது. சீஸ் பல்லில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. ஒலிவ் காய் கைத்தது. சொசேஜ் நிச்சயமாகப் பழுது. எல்லாவற்றுக்கும் மேலே எரிந்த கடதாசி மணம். மகள் பின் கதவால் போய்த் துப்பினாள். எனக்கும் விழுங்க முடியவில்லை. அப்பாவுக்குக் குடுக்காதேங்கோ என்று அவள் திரும்பி வருவதற்குள் அவர் குசினிக்குள் வந்து தானே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், கதிரையில் இருந்து முழுசாகத் தின்று முடித்திருந்தார்.

"எப்பிடி அப்பா?" என்றாள்.

"நல்லாயிருக்கு."

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

முன்வீட்டு அண்ணரின் மனுசி ஒருநாள் வேலிக்கரையில் நின்று என்னிடம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலில் செத்தது அண்ணருடைய நாக்குத்தானாம், ஒரு ருசியும் தெரியாமல் போனதாம். அவா தன்ரை சமையல்தான் பிழையென்று இருந்துவிட்டாவாம். இப்போது அண்ணர் கிழமைக்கு இரண்டு தரம் ஆசுப்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். போகும்போது ஒரு முகம், வரும்போது ஒரு முகம்.

நான் குசினிக்குள் போய் இன்னொரு துண்டை எடுத்தேன். உப்புப் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி உப்பை அதன் மேல் கொட்டினேன்.  கொண்டுபோய்க் கொடுத்தேன். கடித்தார், மென்றார், விழுங்கினார். தலையை ஆட்டினார். பந்தி தொடங்கலாம் என்று ஆட்டுகிற அதே ஆட்டம்.

மகள் நிலத்தில் இருந்து அவருடைய காலைப் பிடித்துப் பார்த்தாள். செருப்பு வார் கிடந்த இடம் வாய்க்கால் போலப் பதிந்திருந்தது. செருப்புச் சின்னன், அதுதான் என்றார். அவள் விரலால் கணுக்காலை அமத்தினாள். விரல் பதிந்த பள்ளம் எழும்பவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இஞ்சேருங்கோ, எவ்வளவு நாளா இப்பிடி?" என்றேன்.

"விதைக்கேக்கை துடங்கினது. வாய்க்குள்ளை துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு. சோறும் அதுதான், தேத்தண்ணியும் அதுதான்."

"ஏன் சொல்லேல்லை?"

கேற்றுக்கு அப்பால் ஒருதரம் பார்த்தார். "சொன்னா நீ முன்வீட்டை நினைப்பாய்."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் எனக்கு வருவது எப்போதும் கோபம்தான். வாயில் வந்தபடி ஏசினேன். முப்பது வருசம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வாய் திறந்த மனுசன், திறக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருந்தாரே என்று அழுதேன். மகள் மிச்சப் பீட்சாவைப் பெட்டியோடு கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் போட்டாள். நாய் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனது.

அடுத்த நாள் விடிய முதல் பஸ்சுக்கு வெளிக்கிட்டோம், இரத்தமும் சிறுநீரும் சோதிக்க. மகள் முதலே ரோட்டுக்குப் போய் நின்றாள். நான் அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நெடுநாளைக்குப் பிறகு கண்ணை மூடினார்.

"சீனி கூடிப்போச்சு. உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?" என்றார்.

 நாக்கு வந்துவிட்டது, எல்லாம் வீண் பயம் என்று மனம் துள்ளியது. இனிச் சரியாப் போடுறன் என்று சொல்லிக்கொண்டு கோப்பையை வாங்கினேன். அவர் செருப்புக்குள் காலை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அடியில் மிச்சமிருந்ததை, கழுவ முன், நான் குடித்தேன்.

அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி போட நான் மறந்திருந்தேன்.