கொரோனா என்று சொல்லிவைத்த நோய்

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அம்மா முதலில் செய்த காரியம், மாடி ஜன்னலைச் சாத்தியதுதான். அழுவதற்கு முன்பே சாத்திவிட்டாள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு அப்படி. எதிர்வீட்டு மாடியிலிருந்து கையை நீட்டினால் எங்கள் வீட்டுக் கொடித்துணியை எடுத்துவிடலாம். இங்கே யாராவது தும்மினால் அங்கேயிருந்து சுக்குக் காப்பி போடச் சொல்லி யோசனை வரும்.

அந்த எதிர் ஜன்னலில்தான் என் சிநேகிதி இருந்தாள். எங்கள் வீட்டில் தமிழ், அவள் கொங்கணி பேசும் வீட்டுப் பெண். பிளஸ் ஒன்னில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. ஜன்னலுக்கு ஜன்னல் நின்று மலையாளத்தில் வம்பளந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அவளைவிட நெருக்கமாக எனக்கு வேறு யாரும் கிடையாது.

இரண்டாவது அலையின்போது தெருவில் பாதிப் பேருக்கு வந்த கொரோனா எனக்கும் வந்தது. அதில் பொய் இல்லை. காய்ச்சல் போன பிறகும் இருமல் மட்டும் விடவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு கட்டி தெரிந்தது. எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அது நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றினால் குணமாகிற வகைதான் என்று டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். அம்மாவின் காதில் நோயின் பெயர் மட்டும்தான் விழுந்தது.

“யார் கேட்டாலும் கொரோனா வந்து போன க்ஷீணம்னு சொல்லு, கேட்டியோ,” என்றாள். “நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரவேண்டாமா?”

எனக்குப் பதினாறு வயது. இருப்பேனா மாட்டேனா என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன், இவள் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறாள். கோபம் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். சிநேகிதியிடம்கூட மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் ஆன்லைன் வகுப்பில் ஒரு கறுப்புக் கட்டமாகிப் போனேன். கேமராவைப் போடவே இல்லை. சிநேகிதி நோட்ஸ் அனுப்புவாள். ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்பாள். ‘க்ஷீணம்’ என்று தட்டி அனுப்புவேன். ஒரு கட்டை விரல் வரும், அத்தோடு சரி. வகுப்பில் மற்றவர்களெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம், தனிமை தாங்க முடியவில்லை என்று ஸ்டேட்டஸ் போட்டுப் புலம்புவார்கள். படித்தாலே எரிச்சலாக இருக்கும். அவர்களுடைய தனிமை ஊரடங்கோடு முடிந்துவிடும். என்னுடையதற்கு என்ன பெயர் என்றுகூட வெளியே சொல்ல முடியாது. தலைமுடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்த அன்று, குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். கூட ஒருவர்தான் இருக்கலாம், அம்மாவுக்கோ ஆஸ்துமா. மருந்து ஏற்றும் அறையில் நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி வருவாள். மாஸ்குக்கு மேலே கண்ணால் சிரித்துக்கொள்வோம். பேச எழுந்தால் நர்ஸ், “டிஸ்டன்ஸ், மோளே,” என்பார். அவளுடைய மூக்கும் வாயும் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தெருக்கோடியில் மூங்கில் கட்டி வழியை அடைத்திருந்த சமயம் அது. போலீஸ்காரர் ஒருவரும் எங்கள் தெரு இளைஞர்கள் இரண்டு மூன்று பேரும் காவலுக்கு நிற்பார்கள். ஒருநாள் புதிதாக வந்த போலீஸ்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அப்பா இரண்டு மாஸ்கை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். மெதுவாகச் சொன்னது போலீஸ்காரருக்குக் கேட்கவில்லை. “எந்தா?” என்றார். அப்பா மறுபடியும் சொன்னார். மறுபடியும் “எந்தா?” அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “கேன்சர் வார்டு! மோள்க்கு கீமோ!” என்று தெருவே அதிரக் கத்தினார்.

போலீஸ்காரர் அவசரமாக மூங்கிலைத் தூக்கினார். தெருப் பையன்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாலம் தாண்டியதும் அப்பா ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “அம்மாகிட்ட சொல்லாதே,” என்றார்.

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. நான் சத்தியத்தை மீறவில்லை, விஷயமும் வெளியே வந்துவிட்டது. இனி சிநேகிதி ஓடிவருவாள், குறைந்தபட்சம் ஜன்னலைத் தட்டியாவது கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். மருந்து ஏறிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவே ஜன்னலில் காதை வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ‘நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்’ என்று அவளிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. பையன்கள் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. இல்லையென்றால், சொல்லியிருப்பார்கள், அவள் பயந்துவிட்டிருப்பாள்.

ஒரு மழைக்கால மத்தியானம். புழுக்கம் தாங்கவில்லை. அம்மா கீழே குளித்துக்கொண்டிருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அதே நேரம் தூறல் விழுந்தது. சிநேகிதி கொடித்துணியை எடுக்க எதிர் ஜன்னலுக்கு வந்தாள்.

என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. கண்கூட விரியவில்லை.

“எடீ, இப்ப சூடு கொறவா இருக்குமே,” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெருவுக்கே தெரியும். அந்தப் பையன்கள் அன்னைக்கே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன்டீ கேக்கலை?”

துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். “மளிகைக் கடையில எங்கம்மாகிட்ட கொரோனான்னு சொல்றப்போ உங்கம்மா முகம் எப்படியோ இருந்துச்சாம். அவங்க தானா சொல்றவரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. கேட்டா உங்களுக்கு விஷமம் ஆகும்னு.”

விஷமம் என்றால் மலையாளத்தில் மனவருத்தம். எனக்கு வருத்தம் வரக்கூடாதென்று தெருவே கூடிப் பேசி என்னைத் தனியே விட்டிருக்கிறது. நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “நான் ஒத்தையா கெடந்தது தெரிஞ்சும் கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுன்னு அனுப்பினே, இல்லே?” என்று கத்தினேன். அவள் அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

சத்தம் கேட்டு ஈரத்தலையோடு ஓடிவந்த அம்மா, ஜன்னலில் மொட்டையாக நின்ற என்னைப் பார்த்துப் பதறிக் கதவைப் பிடித்து இழுத்தாள். நான் தடுத்தேன். “விடும்மா. எல்லாருக்கும் தெரியும். எப்பவோ தெரியும்.”

எதிர்ப்பக்கம் சிநேகிதியின் அம்மாவும் வந்துவிட்டாள். “சேச்சி, சாயா குடிச்சோ?” என்றாள், டீ குடித்தாயிற்றா என்று எந்த நாளும் விசாரிப்பதுபோல.

அம்மா ஜன்னல் கதவை விட்டுவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே, யாருக்கும் தெரியாதபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“யார்கிட்டயாவது சொல்லி அழணும்னு எத்தனை நாளா இருந்ததுடீ,” என்றாள். “எதிராத்து மாமிக்குத் தெரியுமா? அது தெரியாம நான் ஒத்தைக்கு அடுக்களையில இருந்து அழுதேனே.”

நாங்கள் மூன்றுபேர் இருந்த வீட்டில் அவளுக்கும் யாருமில்லை என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மழை வலுத்தது. நான் எழுந்து பார்த்தபோது எதிர் ஜன்னலில் அவர்கள் இன்னும் நனைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே முகத்தை மேலே தூக்கி, அந்தத் தெருவுக்குக் கேட்கும்படி உரக்கப் பதில் சொன்னாள்.

“இல்லா. குடிச்சிட்டில்லா.”