அம்மா ஒட்டிய அம்புகள்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு வாசிப்பில் கொஞ்சம் திமிர் இருந்தது. கொஞ்சம் என்பது இப்போது சொல்வது. அப்போது நிறையவே இருந்தது. மற்றவர்கள் எழுத்துக் கூட்டி ஒரு பத்தியைத் தாண்டுவதற்குள் நான் அடுத்த பக்கத்தை முடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விடுவேன்.

அருள்புரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே எங்கள் பள்ளிக்கூடம். அந்த வருடம்தான் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த வாரமே வகுப்புக்குள் ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்கு நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலக் கதைப் புத்தகங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை ஆளுக்கொன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திங்கட்கிழமை வந்து பிடித்த இடத்தையும் புரியாத இடத்தையும் சொல்ல வேண்டும். பருவம் முடியும்போது ஒரு கதையை நாங்களே மேடையில் வாசித்து நடிக்கப் போகிறோம், அம்மா அப்பாக்களையும் கூப்பிடப் போகிறோம் என்றார். அதில் கதைசொல்லி என்று ஒரு வேஷம் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை மேடையை விட்டு இறங்க வேண்டியதில்லை. அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரிவித்துவிட்டேன்.

அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வருகிற பனியனை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்துப் பார்த்து, பொத்தலோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அங்கே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அம்பு இருந்தால் அது டேமேஜ். எங்கள் தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் இது தெரியும். தீர்ந்துபோன ஸ்டிக்கர் தாளில் ஓரமாக மிஞ்சியதை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள்; நான் என் நோட்டுகளில் ஒட்டி அழகு பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை, குடை வாங்கச் சந்தைக்குப் போன யானைக்குட்டியின் கதையைப் பையிலிருந்து எடுத்தேன். திறந்தால் உள்ளே அம்புகள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நான் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மாதான் ஒட்டியிருக்க வேண்டும். அச்சடித்த புத்தகத்தையே செக்கிங் செய்து டேமேஜ் கண்டுபிடித்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எழுந்து நின்று அறிவித்தேன். "டீச்சர், இந்தப் புஸ்தகத்துல எங்கம்மா பதினொரு டேமேஜ் கண்டுபுடிச்சிருக்காங்க!"

வகுப்பே என் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. டீச்சர் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லின் மேல் ஓர் அம்பு. 'நெருக்கியடித்து' என்பதற்கு ஒன்று. 'வெட்கம்' என்பதற்கு ஒன்று. "எல்லாம் சரியாத்தானுங்க டீச்சர் இருக்குது?" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "அம்மா எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்காக?"

"தெரியலீங்க டீச்சர். ஆனா எஸ்ஸு, எம்மு, டபுள் எக்செல் எல்லாம் படிப்பாங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "உங்கம்மா ஒட்டுனது சரிதான். இதெல்லாம் புத்தகத்தோட டேமேஜ்தான்" என்றார். நான் முன்வரிசைப் பையனைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.

அம்மா குண்டடத்துப் பக்கம் இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். விட்டுப்போன படிப்பை அவள் யாருக்கும் தெரியாமல் என் யானைக்குட்டியோடு மறுபடி தொடங்கியிருந்தாள். படிக்க வராத சொல் எதிர்ப்பட்டால் என்ன செய்வது? கம்பெனியில் பழகிய கை, தடுமாறிய இடத்தில் அம்பு ஒட்டிவிட்டது. டீச்சருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. வாசிப்பில் சூரப்புலியான எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

அன்று மாலை டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தினமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, மெதுவாக, சத்தமாக வாசிக்க வேண்டுமாம். அம்பு இருக்கிற இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டுமாம். "அம்மா இன்னும் ஒட்டட்டும். வாரவாரம் எத்தனைன்னு எங்கிட்ட வந்து சொல்லு. கொறஞ்சுக்கிட்டே வரும் பாரு" என்றார்.

விரல் வைத்து வாசிப்பது முதல் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற காரியம். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் வேஷம் பிரித்தபோது, தட்டுத்தடுமாறி வாசிக்கிற ஒருத்திக்கு, பழக்கம் வரட்டும் என்று, கதைசொல்லி வேஷத்தைக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது மழை. நாலு பேர் கூடி மேசையைத் தட்டிச் சடசடவென்று சத்தம் எழுப்ப வேண்டும். என்னை வாசிக்கத் தெரியாதவள் என்று டீச்சர் நினைத்துவிட்டார், எல்லாம் அந்த அம்புகளால் வந்த வினை என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னாலதான் எனக்கு மழ வேஷம்! இதென்ன உன்ற கம்பெனி பீஸா? இனிமே என்ற புஸ்தகத்தத் தொடாத!"

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "சரி கண்ணு, தொடல" என்றாள். ஸ்டிக்கர் பிய்ந்த இடங்களில் இருந்த பசையை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு, புத்தகத்தை என் பையில் வைத்தாள். சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு நான் வாசிக்கிற நேரத்தில் அந்தப் பக்கமே வரமாட்டாள்.

ஆனால் டீச்சருக்கு வாரவாரம் அம்பு காட்ட வேண்டுமே. நானே ஒட்டத் தொடங்கினேன். டேமேஜ் குறைந்தால்தானே கம்பெனியில் நல்ல பெயர்? முதல் வாரம் ஒன்பது, அடுத்த வாரம் ஆறு, அப்புறம் மூன்று என்று குறைத்தேன். டீச்சர் முகம் மலர மலர எனக்கும் உற்சாகம் கூடியது. கடைசி வாரம் அம்பே இல்லாத புத்தகத்தைக் கொடுத்து, "எங்கம்மா ஒரு பக்கம் முழுசும் அவங்களே வாசிச்சாங்க டீச்சர்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். டீச்சர் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். அவர் கண் ஏன் கலங்குகிறது என்று நான் யோசிக்கவில்லை.

கம்பெனிக்குப் போகிற தாய்மார்கள் வர வேண்டும் என்பதற்காக விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். அம்மா கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். நாங்கள் மழைக்காரர்கள் மேசையோடு தயாராக நின்றோம். டீச்சர் மேடைக்கு வந்தார்.

"இந்தக் கதையோட முதல் நாலு வரிய கதைசொல்லி வாசிக்கப் போறதில்ல. நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளயோட அம்மா ஒருத்தங்க வாசிக்கப் போறாங்க" என்று சொல்லி, என் அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து. பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பிவிட, தயங்கித் தயங்கி மேடை ஏறினாள். டீச்சர் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். கடைசி வரிசையிலிருந்தே படிக்கக்கூடிய அளவுக்குப் பெரிய எழுத்து. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்தாள். உதடு அசைந்தது. "ஒரு..." என்றாள். அடுத்த சொல்லில் நின்றாள். கூட்டம் காத்திருந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள்.

"ஏனுங்க டீச்சர்," என்று மெதுவாகச் சிரித்தாள் அம்மா, "கண்ணாடிய மறந்து ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மழையிலிருந்தபடியே கத்தினேன். "டீச்சர், எங்கம்மாகிட்டக் கண்ணாடியே இல்லீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் கையிலிருந்து அட்டையை வாங்கி, "எழுத்தச் சின்னதா எழுதிட்டேன்மா. என் தப்புதான்" என்றார். அவ்வளவு பெரிய எழுத்தைப் போய் ஏன் சின்னது என்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

நாடகம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். திட்டுவாளோ என்று அடிக்கடி முகத்தைப் பார்த்தேன். "நல்லா மழ பேஞ்சீங்க சாமி" என்றாள். டீச்சரும் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் வாரவாரம் சொன்ன பொய்யை யாருமே கண்டுபிடிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் தெருமுனை வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.