பாக்காவ் மரங்களை ஆராய்ந்தவரைப் பற்றி எழுதியபோது

ஜொகூரில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஓர் ஆய்வாளரின் வாழ்க்கைக் குறிப்பை, எவரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதச் சொன்னார்கள். பொந்தியான் கடற்கரையில் பாக்காவ் எனப்படும் அலையாத்தி மரங்களை ஆராயும் ஒரு தமிழ்ப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தேன். அறைத்தோழியின் மோட்டார் சைக்கிளில் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம்.

நீர் வற்றிய நேரம். கடல் எங்கோ விலகிக் கிடந்தது. மின்னும் சேற்றில், வேர்களைத் தூக்கிக்கொண்டு எந்த நொடியும் நடந்துவிடுபவை போல மரங்கள் நின்றன. முழங்கால்வரை சேற்றில் இறங்கியிருந்த அவர், கிளையில் தொங்கிய நீளமான நாற்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது மரத்துலயே முளைச்சிடும். அப்புறம் விழுந்து மிதந்து போகும். எங்க போய் நிக்குது, ஏன் அங்க நிக்குதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைக் காற்று கொண்டுபோனது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. 'மூன்று பிள்ளைகளின் தாய், சதுப்புநிலத்தின் தேவதை' என்று தொடங்கி ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். தோழி வாசித்தாள்.

"தேவதைன்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"நீ சொன்னா எப்படி லா? கலைக்களஞ்சியத்துல போடணும்னா வெளியில யாராச்சும் எழுதியிருக்கணும். அப்புறம், ஆம்பளையா இருந்தா மூணு பிள்ளைக்கு அப்பான்னு ஆரம்பிப்பியா?"

தேவதை என்னுடையது; 'மூன்று பிள்ளைகளின் தாய்' பழைய நாளிதழ்ச் செய்தி ஒன்றிலிருந்து எடுத்தது.

நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஆய்வாளரின் கட்டுரைகளையும், அவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையும் படித்தேன். அடைமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். யாரும் அச்சில் சொல்லாத அந்தச் சேற்றின் மினுமினுப்பையும் மனமில்லாமல் எடுத்தேன். அவர் என்ன கேட்டார், என்ன கண்டுபிடித்தார், அதை வைத்து யார் எந்தக் கரையில் நாற்று நட்டார்கள் என்பது மட்டும் நின்றது.

கட்டுரை வெளியானதும் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வாசிச்சேன்மா. பேப்பர்ல எப்பவும் பிள்ளைங்களத்தான் முதல்ல எழுதுவாங்க. இதுல என் வேலை முதல்ல வருது." பிறகு சொன்னார், "வீட்டுக்காரர்கிட்டயும் காட்டினேன்."

சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது. அவருடைய புதிய ஆய்வைப் பற்றியது, ஆதாரத்தோடு. எந்த ஊரிலிருந்து யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி வெகுநேரம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.