மத்தியானத்துச் சோறு

1968 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பொன்னுத்தாய் தன் புருஷனோடு வீரசோழனுக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு கிராமத்துக்குப் போனாள். கல்யாணமாகி மூன்று நாள். அவள் இடுப்பை விட்டு இறங்காமல் அலறிய சங்கையாவைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய அண்ணன் மகன், ஒன்றரை வயது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அவன் அம்மா சந்தனம்மாளுக்கு, நாளைக்கு இவனை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற யோசனைதான்.

அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி அரவை மில்லில், சொத்தையும் தூசியும் பொறுக்குகிற வேலை அவளுக்கு. புருஷன் சின்னச்சாமி லாரியில் லோடு ஏற்றிப் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் பொன்னுத்தாய். மில்லுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. யாருக்கும் கை ஒழியவில்லை.

வேறு வழியில்லாத பெண்கள் செய்வதை அவளும் செய்தாள். பழைய சேலையின் ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையை ஆட்டுக்கல்லிலும் கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடிவந்து, உறியில் இருக்கும் சோற்றை இறக்கி ஊட்டிவிட்டு ஓடுவாள். தாமதமானால் மேஸ்திரி ஐயாத்துரை, பிள்ளை வளர்க்க வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே என்பார்.

ஒருநாள் லோடு நிறைய வந்ததால் மத்தியானம் மில் கேட்டைத் திறக்கவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறக்கையில் உள்ளே சத்தமே இல்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். வாய் கழுவி விட்டிருந்தது. உறிச் சட்டியில் பாதிச் சோறு இல்லை. யார் ஊட்டினார்கள் என்று எழுப்பிக் கேட்டாள்.

“அத்தை” என்றான்.

மறுநாள் மத்தியானம் ஓடிவந்தபோதும் அவன் சாப்பிட்டு முடித்திருந்தான். கொல்லைச் சுவரை ஒட்டி யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல் அவன் தலை மெல்லத் திரும்பியது. அவளும் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

பொன்னுத்தாய் செத்துப்போய்விட்டாள் என்றே சந்தனம்மாள் நினைத்தாள். புருஷனை அனுப்பினாள். போய்விட்டு வந்தவன் சிரித்தான்.

“கல்லு மாதிரி இருக்கா. ஒரே ஒரு குத்தந்தான் சொல்றாக. மத்தியானமானா எங்க இருந்தாலும் சாஞ்சிருதாளாம். தண்ணி தெளிச்சாலும் எந்திரிக்கிறதில்லையாம்.”

“இங்க இருக்கையில பகல்ல தூங்க மாட்டாளே.”

“புகுந்த வீட்டுச் சொகம்.”

சந்தனம்மாள் வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னால் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியை வைத்துப் பார்ப்பார்கள். பொன்னுத்தாயை விழித்திருக்க வைப்பார்கள். அப்புறம் இவள் வேலைக்குப் போக முடியாது. மத்தியானம் ஓடிவருவதை நிறுத்தினாள். சட்டியில் இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள். அந்தப் பங்கு மட்டும் தினமும் அப்படியே இருந்தது.

பல ஊர் சுற்றிவிட்டு அதே தெருவுக்கு நான் திரும்பிய வருஷம், சந்தனம்மாள் இதை என்னிடம் சொன்னாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“பயந்தா யாரு பிள்ளையப் பாக்குறது?”

பொன்னுத்தாய் போன அந்த வருஷமே, பகலில் தூங்குகிறவளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டார் சண்டை போட்டுப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். மறுவருஷம் சித்திரையில் ஒரு சாயங்காலம், தெருமுனையிலேயே சங்கையாவின் அழுகை கேட்டது. சோறு தொடாமல் இருந்தது. மறுநாளும் அப்படியே.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில் கேட்டில் போய் நின்றாள். மேஸ்திரி விரட்டினார். அடுத்த நாளும் நின்றாள். கடைசியில், வெளியே மூட்டை நிழலில் கட்டிப்போட்டுக்கொள் என்றார். ஆனால் அவள் ஊட்டினால் அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினான். பிள்ளை இளைத்துக்கொண்டே போனான். அவன் அவள் கையால் சாப்பிட ஆடி பிறந்துவிட்டது.

அடுத்த தையில், வீரசோழனிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் வியாபாரி அவள் வாசலில் இறங்கினார்.

“ஒங்க நாத்தனா சொல்லிவிட்டுச்சும்மா. சித்திரையில பொம்பளப் பிள்ள பொறந்துச்சாம். அத விட்டுட்டு இனிமே மத்தியானம் வர ஏலாதாம். மதினியக் கோவிச்சுக்கிட வேண்டாம்னு சொல்லச் சொல்லுச்சு.”