பம்ப்புக்காரர் வாங்கிய பாய்மரப் படகு

கோயமுத்தூர் கணபதியில் பம்ப்புப் பட்டறை வைத்திருந்த பாலுசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்தார், வந்து சேர்ந்தது குறை. சம்பந்தி சென்னியப்பன் பெரிய மஞ்சள் மண்டிக்காரர். அதற்கப்புறம் கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும், "இவிங்க ஈரோட்டு மண்டிக்காரர் சம்பந்திங்க" என்றுதான் இவரை நாலு பேருக்குக் காட்டினார்கள். முப்பது வருசம் இரும்பைக் காய்ச்சி ஊற்றி, ஆந்திரா வரைக்கும் பம்ப்பு அனுப்பிய மனுசனுக்குச் சொந்தமாக ஒரு பேர் இல்லாமல் போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

தன்னைத் தன் பேரால் நாலு பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. கார் வாங்கலாமென்றால் சம்பந்தியிடம் இரண்டு நிற்கிறது. ஊட்டியில் பங்களா வாங்கலாமென்றால் பாதி ஈரோடு ஏற்கெனவே அங்கேதான் குடியிருக்கிறது. தொண்ணூற்றாறில் ஏஜெண்டைப் பார்க்கக் கொச்சிக்குப் போன இடத்தில், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய பாய்மரப் படகை விற்பதாகக் கேள்விப்பட்டார். இருபத்திரண்டு அடி, தேக்குப் பலகை, வெள்ளைப் பெயிண்டு. கொங்கு நாட்டில் ஒருத்தரிடமும் கிடையாது, அந்த ஒரு காரணம் போதாதா? வார்ப்பு இரும்பைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். ஓசை கணீரென்று வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

படகு லாரியில் வந்து பட்டறை வாசலில் இறங்கியது. அவர் சம்சாரம் முத்தாத்தாள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏனுங், இதெ எங்கீங்க உடறது? கோயமுத்தூர்ல உப்புத்தண்ணின்னா போர்த்தண்ணிதானுங்களே."

"ஆழியாறு டேமுல உடலாமாட்ட இருக்குது அம்மணி. கேட்டுட்டிருக்கறேன்."

"உலையெக் கொதிக்க வெச்சுப்போட்டு அரிசிக்குக் கேட்டுட்டிருக்கறீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பட்டறையில் பிரகாசம் என்றொரு தச்சர் இருந்தார். வார்ப்புக்கு வேண்டிய மர மாதிரிகளைச் செதுக்குவது அவர் வேலை. தூத்துக்குடியில் பிறந்தவர் என்பதால் படகைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். அவர் குனிந்து, அடிப்பலகையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"முதலாளி, அடி பூராவும் உளுத்துக் கெடக்கு. பெயிண்டுதான் தாங்கி நிக்கி."

"தட்டிப் பாத்துத்தானப்பா வாங்குனேன்."

"நீங்க மேல தட்டியிருப்பீங்க. தண்ணி கீழல்லா இருக்கும்."

கொச்சியிலிருந்து படகு மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார்கள். வந்தவர் ஒன்பது பலகை மாற்ற வேண்டும் என்றார். ஒன்பதைக் கழற்றினால் பக்கத்தில் இன்னொரு ஒன்பது பல்லிளித்தது. அதையும் கழற்றினால், பலகைகளைத் தாங்குகிற குறுக்குக் கட்டைகள் மாவாகக் கொட்டின. சாதா ஆணி ஆகாது, செப்பு ஆணி வேண்டும். உள்ளூர்த் தேக்கு ஆகாது, நிலம்பூர்த் தேக்கு வேண்டும். மேஸ்திரிக்கு மத்தியானம் மீன் இல்லாவிட்டால் உளி ஓடாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மூன்றாவது மாதம் முடியும்போது இன்னொரு படகுக்கான காசு அந்த அடிவயிற்றுக்குள் போயிருந்தது. மேஸ்திரி மட்டும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, "ஒரு பலகை கூடி உண்டு" என்று, இன்னும் ஒன்று பாக்கி என்பதைச் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓட்டையடைச்சு முடியறதுக்குள்ள நம்ம பொட்டி ஓட்டையாயிருமாட்ட இருக்குதுங்" என்றாள் முத்தாத்தாள். பாலுசாமி காதில் வாங்கவில்லை. டேமில் விட அனுமதி வந்ததும் அவர் ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவின பத்திரிகையே அடித்துவிட்டார். 'பாய்மரப் படகு வெள்ளோட்டம்' என்று மேலே. கீழே தன் பேர் கொட்டை எழுத்தில். முதல் பத்திரிகையை ஈரோட்டுக்கு நேரில் கொண்டுபோய் வெற்றிலை பாக்கோடு வைத்தார். சென்னியப்பன் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாராம். அன்றைக்கு ராத்திரி பாலுசாமிக்கு வந்த தூக்கம் பல வருசமாக வராத தூக்கம்.

வேலை முடிந்தது. பலகை இடுக்கெல்லாம் பஞ்சுத் திரி அடைத்து, குங்கிலியம் பூசியாயிற்று. மேஸ்திரி கிளம்பும்போது, "தண்ணியில இட்டுட்டு ஒரு வாரம் விட்டேக்கணும். மொதல்ல கொறச்சு ஒழுகும். மரம் ஊறினா தன்னால நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒழுகுமா? பாலுசாமிக்குச் சுருக்கென்றது. டேமில் சம்பந்தி முன்னால் ஒழுகினால் அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பது? அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பம்ப்பாக இருந்தாலும் உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டார்கள். துளி வேர்த்தாலும் உடைத்து மறுபடி உலையில் போட்டுவிடுவார்கள். முப்பது வருசம் சோறு போட்ட சட்டம். வெள்ளோட்டத்துக்கு முதல் நாள் காலையில் ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்குச் சொல்லி அனுப்பினார்.

பிரகாசம் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிப் பார்த்தார். "முதலாளி, இது வெளிய இருந்து வார தண்ணிக்குக் கட்டினது. உள்ள இருந்து தள்ளினா தாங்காது."

"நம்ம பம்ப்பு தாங்குது, இத்தாச்சோடு பெரிய பொருள் தாங்காதா? குழாயத் தெறந்து உடப்பா."

தண்ணீர் ஏறியது. கால் படகு, அரைப் படகு. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாலுசாமி கீழே குத்த வைத்து உட்கார்ந்து பலகை பலகையாகத் தடவிப் பார்த்து, "பாருப்பா, கோயமுத்தூர் டெஸ்டிங்" என்றார். முக்கால் படகுக்கு வந்ததும் எங்கேயோ டிக் என்றது. பிறகு டிக் டிக் என்றது. அவர் எழுந்து நாலடி தள்ளி நிற்பதற்குள் செப்பு ஆணிகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு, நிலம்பூர்த் தேக்கு வாயைப் பிளந்தது. அத்தனை தண்ணீரும் பட்டறைக்குள் புகுந்து, மறுநாள் வார்ப்பு ஊற்ற வைத்திருந்த நாற்பது மண் அச்சுகளையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இடுப்பு வரை நனைந்து நின்ற மனுசனைப் பார்க்க எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கொடுத்த பத்திரிகையைத் திரும்ப வாங்க முடியுமா? மறுநாள் விடிந்ததும் சென்னியப்பன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். பாலுசாமி தலையைத் தொங்கப் போட்டபடி நடந்ததைச் சொன்னார். சென்னியப்பன் கேட்டுக்கொண்டே படகை ஒரு சுற்று வந்தார். பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார். அடியைக் குனிந்து பார்க்கவே இல்லை.

"சம்பந்தி, இதெ எனக்குக் குடுத்துப்போடுங்க."

"அடி பொளந்து கெடக்குதுங்களே சம்பந்தி."

"தண்ணியில உட்டாத்தானுங்க அடி வேணும்?"

பாலுசாமி வாயைத் திறப்பதற்குள் முத்தாத்தாள் முந்திக்கொண்டாள். "இன்னைக்கே எடுத்துட்டுப் போங்கண்ணா. லாரிக்கு நானே சொல்லியுடறேன்."

தை மாதம் ஈரோட்டில் சென்னியப்பன் புதிதாகக் கல்யாண மண்டபம் திறந்தார். வாசலில் நாலு தூண், தூண்மேல் படகு. பிளவை இரண்டு மூட்டை மதுக்கரை சிமெண்டில் பூசி, மேலே நீலப் பெயிண்டு அடித்து, பாய்மரம் முழுக்க சீரியல் பல்பு சுற்றியிருந்தார். எந்த ஜோடி தாலி கட்டினாலும் அதில் ஏறி நின்று போட்டோ எடுக்காமல் போவதில்லை. ஊரே அதைக் கப்பல் மண்டபம் என்றது.

அங்கே நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பாலுசாமியும் போக வேண்டியிருந்தது. வாசலில் சந்தனம் கொடுத்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம கப்பல்காரர் சம்பந்திங்க" என்றார். பாலுசாமிக்கு ஒவ்வொரு பலகையும் என் காசு என்று கத்த வேண்டும்போல இருந்தது. முத்தாத்தாள் அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர் கையெடுத்துக் கும்பிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங், நீங்க ஒருக்காவாச்சும் சம்பந்தி கப்பல்ல ஏறியிருக்கறீங்களா?"

பாலுசாமி யோசித்துப் பார்த்தார்.

"இல்லீங்" என்றார்.